யானை எங்கே நிற்கிறது: வால்பாறை மழைக்காட்டுத் துண்டுகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

வால்பாறையில் யானையால் மனிதர் இறப்பதைக் குறைக்க 2002 முதல் நடந்துவரும் வேலையின் பதிவு இது. இதில் வரும் ஆராய்ச்சியாளர்கள், வனத்துறையினர், எஸ்டேட் நிர்வாகிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் காட்டில் யானையோடு வாழும் ஊர்களில் எதை எடுத்துக்கொள்ளலாம், எங்கே சிக்கல் வரும் என்று பார்க்க உதவும்.

நிலம்

வால்பாறை மேட்டுநிலம் கோவை மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் இங்கிருந்த மழைக்காடு பெரும்பாலும் வெட்டப்பட்டு, காப்பி, தேயிலை, ஏலம், விறகுக்கான யூகலிப்டஸ் என்று தோட்டங்கள் வந்துவிட்டன. மிச்சமிருப்பவை ஏறக்குறைய 40 சோலைத் துண்டுகள். சில ஒரு ஹெக்டேர்கூடத் தேறாது, பெரியவை 300 ஹெக்டேர் வரும். இவற்றில் பெரும்பாலானவை தனியார் எஸ்டேட்டுகளின் பட்டா எல்லைக்குள் கிடப்பவை.

மேட்டுநிலத்தைச் சுற்றிக் காடுதான். தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பறம்பிக்குளம் புலிகள் காப்பகமும் வாழச்சால் வனக்கோட்டமும். இந்தக் காடுகளுக்கிடையே போய்வரும் யானைகளுக்கு மேட்டுநிலம் நடுவழி. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு கூட்டம் இங்கே இருக்கும். மழை ஓய்ந்து அக்டோபர் வாக்கில் கேரளப் பக்கத்திலிருந்து மேலும் கூட்டங்கள் ஏறிவந்து, பிப்ரவரி, மார்ச் வரை தங்கும். அதே நிலத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 70,000 பேர் வசித்தார்கள். பெரும்பாலானோர் எஸ்டேட் லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், இருப்பவர்கள். ஒரு டிவிஷனின் (எஸ்டேட்டின் ஒரு பிரிவு) லைனுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றிரண்டு கிலோமீட்டர் தேயிலைக் காடு. அதற்கு நடுவே தெருவிளக்கில்லாத எஸ்டேட் ரோடு. இந்த ரோடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் மையம்.

முன்பு செய்துவந்தது

யானை லைன் பக்கம் வந்துவிட்டால் கூடிச் சத்தம் போடுவது, பட்டாசு வெடிப்பது, ஜீப் விளக்கை முகத்தில் அடிப்பது, கடைசியில் வனத்துறைக்குச் சொல்லி அடுத்த எஸ்டேட்டுக்கு விரட்டுவது. இதுதான் நடைமுறை. மக்கள் தரப்பிலிருந்து வந்த கோரிக்கையும் அதுவே: "யானையைக் காட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்."

எந்தக் காட்டுக்குள் என்பதுதான் கேள்வி. மேட்டுநிலத்தின் நடுவில் நிற்கும் கூட்டத்தை எந்தத் திசையில் விரட்டினாலும் அது இன்னொரு டிவிஷனின் லைனைத் தாண்டித்தான் போக வேண்டும். இரவில் விரட்டப்படும் கூட்டம் தன் வழக்கமான தடத்தில் போவதில்லை. குட்டி பின்தங்கினால் பெரிய பெண் யானைகள் திரும்பி நிற்கும். கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் ஒரு பாதி மற்றதைத் தேடி லைன்களுக்கிடையே அலையும். விரட்டிய எஸ்டேட்டில் அன்றிரவு நிம்மதி. அடுத்த எஸ்டேட்டில் வேலை முடிந்து நடந்து வருகிறவருக்கு எதிரே வரப்போவது ஏற்கெனவே மிரண்ட யானை என்று சொல்ல ஆளில்லை.

மின்வேலி, அகழி இரண்டும் பேசப்பட்டன. சமவெளியில் ஒருபக்கம் காடு, ஒருபக்கம் வயல் என்றிருக்கும் இடத்தில் வேலிக்கு ஓர் அர்த்தம் உண்டு. இங்கே காடும் தோட்டமும் வீடும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கின்றன. வேலிக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்றே சொல்ல முடியாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சரிவில் அகழி ஒரு பருவத்திலேயே மண் சரிந்து மூடிக்கொள்ளும். மின்வேலிக்கடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். தினமும் புல் வெட்ட ஆள் இல்லாத வேலி வெறும் கம்பிதான். ஆற்றோரத் தடத்தைக் குறுக்கே மறித்தாலோ, யானை இன்னொரு ரோட்டில் இறங்கும்.

கண்காணிப்பு

2002-இல் ஒரு வனஉயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் யானைக் கூட்டங்களைத் தினமும் பின்தொடரத் தொடங்கினார்கள். உடன் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள், அந்தக் காட்டைச் சிறுவயதிலிருந்து நடந்தவர்கள். வேலை எளிமையாகத் தோன்றும்: நேற்றிரவு கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து காலையில் தொடங்கித் தடம் பிடித்துப் போக வேண்டும், கூட்டத்தைக் கண்டதும் எண்ணிக்கை, குட்டிகள், நிற்கும் இடம், அது சோலையா, காப்பியா, தேயிலையா, யூகலிப்டஸா என்பதைக் குறிக்க வேண்டும். தனித்தனி யானையை அடையாளம் காணக் காது மடலின் கிழிசலும் ஓட்டையும், தந்தத்தின் வளைவும், வால்நுனி மயிரும் உதவின.

தடம் படிப்பதில் ஆனைமலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. கனமழையில் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய லத்திகூட (யானைச் சாணம்) கரைந்து பழையதுபோல் ஆகிவிடும். மூடுபனி நாளில் நேற்றையதும் இன்றையதுபோல் மினுமினுக்கும். அதனால் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், உருண்டையைப் பிளந்து உள்சூடு பார்ப்பார்கள். பக்கத்தில் மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டதா, ஒடித்துப்போட்ட கிளையின் முறிவில் ஈரம் இருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்த பிறகுதான் "அரை மணிக்குள்" என்றோ "விடியலில் போனது" என்றோ சொல்வார்கள். பின்னாளில் எச்சரிக்கைச் செய்தியின் நம்பகம் முழுக்க இந்தக் கணிப்பின் மேல்தான் நின்றது.

நான்காண்டுப் பதிவுகளிலிருந்து கிடைத்த படம் இது. பகலில் கூட்டங்கள் சோலைத் துண்டுகளிலும் ஆற்றோர மரங்களுக்குள்ளும் ஒதுங்கி நின்றன. தேயிலையைக் கூடியவரை தவிர்த்தன; கடக்க நேர்ந்தால் இருட்டிய பிறகு கடந்தன. தேயிலை யானைக்குத் தீனியில்லை, மறைவுமில்லை. நடு ஆறு, சோலையாறு இவற்றின் கரையோரப் பசுமைதான் ஒரு துண்டிலிருந்து மற்றதற்குப் போகும் பாதை. அந்தப் பசுமை அறுந்து யூகலிப்டஸோ தேயிலையோ ஆற்றுவரை இறங்கியிருந்த இடங்களிலும் கூட்டங்கள் அதே பாதையைத்தான் பிடித்தன, ஆனால் மறைவில்லாமல், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே.

பிரச்சினையைத் திரும்ப வரையறுத்தது

அடுத்தபடியாக இறப்புகள் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். 1994-க்குப் பின் வந்த 20 ஆண்டுகளில் இந்த மேட்டுநிலத்தில் யானையால் இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, யானை அங்கே நிற்பது இறந்தவருக்கு முன்கூட்டித் தெரியுமா என்று குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்கப்பட்டது.

வீட்டுச் சுவரை உடைத்துப் புகுந்த யானையால்தான் ஆட்கள் சாகிறார்கள் என்பது ஊரின் பொது நம்பிக்கை. பதிவு வேறு சொன்னது. பெரும்பாலான மோதல்கள் ரோட்டிலும் நடைபாதையிலும் நடந்தவை. கடைசி பஸ்ஸில் இறங்கி லைனுக்கு நடந்தவர், டவுனில் சாமான் வாங்கித் திரும்பியவர், இருட்டில் பக்கத்து லைனுக்குப் போனவர். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு யானை அங்கே இருப்பது தெரியாது. யானை அந்தப் பக்கம் சுற்றுவது மாலையிலேயே யாரோ ஒரு வாட்சருக்கோ சூப்பர்வைசருக்கோ தெரிந்துதான் இருந்தது. செய்தி ரோட்டில் நடந்தவரிடம் வந்து சேரவில்லை.

இங்கேதான் வேலையின் திசை மாறியது. யானையை நகர்த்தும் வழி தேடுவதை விட்டுவிட்டு, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்குச் செய்தியை இருட்டுவதற்குள் கொண்டுபோகும் வழியைத் தேடினார்கள். தனி யானை, மக்னா (தந்தமில்லாத ஆண்), குட்டியுள்ள கூட்டம் என்று நடத்தை எப்படி வேறுபட்டாலும், வளைவு திரும்பியதும் பத்தடியில் எதிர்ப்படும் மனிதரைக் கண்டு மிரளாத யானை அபூர்வம். ஐம்பது மீட்டருக்கு முன்பே தெரிந்திருந்தால் திரும்பிவிடலாம், வீட்டிலிருக்கும்போதே தெரிந்திருந்தால் கிளம்பாமலே இருக்கலாம்.

செய்தி: டிவி, எஸ்எம்எஸ், குரல் அழைப்பு

முதலில் கைக்கெட்டியது உள்ளூர் கேபிள் டிவி. மாலையில் படம் ஓடும்போது திரையின் கீழே, இன்று எந்த எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்ற வரி ஓடியது. தொடர்புகொள்ள ஒரு எண்ணும் கூடவே. வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இது நன்றாக எட்டியது. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவருக்கு எட்டவில்லை, அவர்தான் ஆபத்தில் இருப்பவர்.

2011-இல் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவது தொடங்கியது. செய்தியை மேட்டுநிலம் முழுவதற்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். யானை நிற்கும் இடத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு மட்டும். காரணம் எளிது. தினமும் பத்துச் செய்தி, அதில் ஒன்பது எங்கோ உள்ளவை என்றால், ஒரு மாதத்தில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். இதற்காக ஒவ்வொரு சந்தாதாரரின் எண்ணும் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்ற விவரத்தோடு பதிவானது. எண்களைச் சேர்ப்பது உட்கார்ந்த இடத்தில் நடக்கிற வேலையில்லை. லைன் லைனாகப் போய்க் கூட்டம் போட்டு, எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

செய்தியில் இருக்க வேண்டியவை நான்கு: நேரம், இடம், எத்தனை யானை, எந்தப் பக்கம் நகர்கிறது. இடத்தைச் சொல்வதில்தான் பலர் தவறுவார்கள். வரைபடத்திலுள்ள ஃபீல்டு எண் சூப்பர்வைசருக்குப் புரியும், ஆட்டோ ஓட்டுநருக்குப் புரியாது. "பழைய ஆஸ்பத்திரி வளைவு", "கோயிலுக்குக் கீழே பாலம்" என்று ஜனங்கள் வாயில் புழங்கும் பெயர் வேண்டும். அதனால் வரைபடப் பெயருக்கும் வழக்குப் பெயருக்கும் முன்கூட்டியே ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்வது நல்லது. மாலை ஐந்தரைக்கு மழையில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது.

இரண்டு தடங்கல்கள் உடனே வந்தன. விளம்பரச் செய்திகளை ஒடுக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் மொத்தச் செய்திகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உயிர்காக்கும் செய்தியும் விளம்பரச் செய்தியும் ஒரே குழாயில் போகிறவை என்பதால் அனுப்புபவரை முறையாகப் பதிவுசெய்து வைத்திராவிட்டால் எதுவும் போகாது. மற்றது கைபேசி. தொழிலாளர்கள் கையிலிருந்த விலை குறைந்த பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறையப் பேர். ஆகவே பதிவுசெய்த குரலில் தமிழ் அழைப்பு சேர்க்கப்பட்டது. எஸ்எம்எஸ்ஸைவிட இதற்குச் செலவு கூடும்தான். ஆனாலும் அந்த மக்களுக்கு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் குரல் அழைப்பைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பஸ்களுக்குள் ஒலிபெருக்கி அறிவிப்பும் கொண்டுவரப்பட்டது. இறங்கப் போகிறவருக்குக் கடைசி வாய்ப்பு அது.

சிவப்பு விளக்கு

கைபேசி இல்லாதவர், பேட்டரி தீர்ந்தவர், மழையில் பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்பையில் வைத்திருப்பவர் இவர்களுக்கு என்ன வழி? லைனுக்குப் பிரியும் ரோட்டில், பஸ் நிறுத்தத்தில், எல்லோர் கண்ணிலும் படும் மேட்டில் கம்பம் நட்டு, மின்னும் சிவப்பு எல்இடி விளக்குகள் வைக்கப்பட்டன. முதல் கட்டத்தில் இருபது சொச்சம் இடங்கள். தெளிவான இரவில் ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் தெரியும். விளக்கு எரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி யானை இருக்கிறது என்று பொருள்.

இயங்கும் விதம்: கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் சுவிட்சாக வேலைசெய்யும் சிறு கருவியும் இருக்கும். பதிவுசெய்த எண்ணிலிருந்து அந்த சிம்முக்கு அழைத்தால் விளக்கு எரியும்; அணைப்பதும் கைபேசியால்தான். அழைப்பை யாரும் எடுப்பதில்லை என்பதால் அழைப்பவருக்குக் காசு போகாது. பதிவில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைக் கருவி கண்டுகொள்ளாது.

இதில் எடுக்கப்பட்ட முக்கியமான முடிவு, எந்த எண்களைப் பதிவது என்பது. வனத்துறையும் ஆராய்ச்சிக் குழுவும் மட்டும் இயக்கினால் கட்டுப்பாடு பிசகாது, ஆனால் இரவு எட்டு மணிக்கு அந்த லைன் பக்கத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் அந்த லைனிலேயே வசிக்கும் சிலர் பொறுப்பேற்றார்கள். தொடக்கத்தில் ஆராய்ச்சிக் குழுவே அதிகம் இயக்கியது. போகப் போகப் பெரும்பாலான அழைப்புகள் ஊர்க்காரர்களிடமிருந்தே வந்தன. கம்பத்தைச் சேதப்படுத்துவார்களோ, விளையாட்டுக்குப் போடுவார்களோ என்ற பயம் இருந்தது. தன் பக்கத்து வீட்டுக்காரர் கையில் சுவிட்ச் இருப்பது தெரிந்தால் அந்த விளக்கு ஊர்ச் சொத்தாகிவிடுகிறது.

விளக்கு பழுதாகும் விதங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சிம் ரீசார்ஜ் காலாவதியாகிவிடும். மாதக் கடைசியில் அத்தனை எண்ணையும் ஒரே நாளில் சரிபார்க்க ஒருவர் பெயர் குறித்து வைக்காவிட்டால் இது நடந்தே தீரும். சிக்னல் மங்கும் மடிப்பில் கம்பம் நட்டால் கருவி அழைப்பைப் பிடிக்காது. ஆகவே இடம் குறிக்கும்போதே அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, மழை பெய்யும் ஒரு மாலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். கரண்ட் போனால் தாங்க பேட்டரி வேண்டும், இடி மின்னல் பருவத்துக்கு முன் மண்ணிணைப்பைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவ மூடுபனியில் ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கு செல்லாது, விளக்கு பக்கத்தில் வந்தால்தான் தெரியும். எல்லாவற்றிலும் கெட்டது, யானை போன பிறகும் அணைக்காமல் விடுவது. மூன்று நாள் வெறுமனே எரியும் விளக்கை நான்காம் நாள் யாரும் மதிப்பதில்லை. போட்டவரே அணைக்க வேண்டும், காலை மஸ்டர் (வேலைக்கு ஆள் பிரிப்பது) நேரத்தில் எரியும் விளக்குகள் எவை என்று பார்த்துக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.

மஸ்டர் என்று சொன்னதால் இதையும் சேர்த்துவிடலாம். காலைப் பறிப்புக்கு ஆள் பிரிக்கும்போதே யானைச் செய்தி கையிலிருந்தால் நிர்வாகம் அந்த ஃபீல்டை விட்டு வேறு ஃபீல்டுக்கு ஆளை அனுப்பலாம். செலவில்லாத மாற்றம். ஆனால் தேயிலைக்குப் பறிப்புச் சுற்று ஒன்று உண்டு; கூட்டம் அதே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் கொழுந்து முற்றிப்போகும். அப்போது சூப்பர்வைசரின் மேல் விழும் அழுத்தம் எளிதானதில்லை. மேலிடத்திலிருந்து எழுத்தில் அனுமதி இருந்த தோட்டங்களில்தான் இது நிலைத்தது.

ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும்

பொருட்சேதம் இறப்பிலிருந்து வேறான கணக்கு. பதிவுகளைப் பார்த்தால் பெரும்பங்கு சேதம் ஒரே வகைக் கட்டடங்களுக்கு: ரேஷன் கடை, பள்ளிச் சத்துணவுக் கூடம், அவற்றை ஒட்டிய வீடுகள். அரிசி, பருப்பு, உப்பு மூட்டை மூட்டையாக ஒரே அறையில், மாதக்கணக்கில். அந்த வாசனை யானைக்குத் தூரத்திலேயே எட்டும். ஒருமுறை சுவரை உடைத்துத் தின்ற கூட்டம் அந்தக் கட்டடத்தை மறப்பதில்லை. அடுத்த ஆண்டு வலசையிலும் வந்து தட்டிப் பார்க்கும்.

கதவை இரும்பாக்கினால் யானை சுவரை இடிக்கும். கட்டடத்தைப் பலப்படுத்துவதைவிட உள்ளே எதுவும் இல்லாமல் வைப்பது மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள். சில எஸ்டேட்டுகளில் மாதம் குறித்த நாளில் வண்டியில் சரக்கு வந்து, அன்றே விநியோகித்துவிட்டு, மிச்சத்தோடு திரும்பும் நடமாடும் ரேஷன் முறை வந்தது. ஆனால் இதற்குப் பல கைகள் சேர வேண்டும்: உணவு வழங்கல் துறை, கூட்டுறவுச் சங்கம், எஸ்டேட் நிர்வாகம், வண்டிச் செலவை ஏற்கும் ஓர் ஆள். வனத்துறை மட்டும் நினைத்தால் நடக்காது. அதனால் எல்லா இடத்துக்கும் பரவவில்லை.

வீட்டைச் சுற்றி வாழையும் கொய்யாவும் பலாவும் வைப்பது இதே கதையின் சின்ன வடிவம். பழுக்கும் முன்பே பலாக்காயை இறக்கிவிடச் சொன்னால் கேட்பார்கள், மரத்தையே வெட்டச் சொன்னால் கேட்க மாட்டார்கள். சொல்லவும் தேவையில்லை.

சோலையும் ஆற்றங்கரையும்

செய்தி ஆளைக் காக்கும். யானை பகலில் ஒதுங்க இடமில்லாமல் போனால் எவ்வளவு செய்தி அனுப்பினாலும் ஒருநாள் எல்லா விளக்கும் எந்நேரமும் எரியும். இதை முதலிலேயே உணர்ந்ததால் எச்சரிக்கை வேலைக்குப் பக்கத்திலேயே சோலை மீட்பு வேலையும் நடந்தது. தோட்ட நிறுவனங்களோடு உடன்பாடு போட்டு, அவற்றின் பட்டாவிலுள்ள சீரழிந்த துண்டுகளில் மழைக்காட்டு மரங்களைத் திரும்ப நட்டார்கள்.

செய்முறை பொறுமை கேட்பது. தார் ரோட்டில் விழுந்து நசுங்கிப் போகவிருக்கும் விதைகளை ரோட்டோரத்திலேயே பொறுக்குவார்கள். காட்டுக்குள் போய் எடுப்பதில்லை. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், அயினி, காட்டுநாவல் வகைகள் என்று பல இனங்கள் நாற்றங்காலில் பையில் வளரும். மழைக்காட்டு விதைகள் பலவற்றைக் காய வைத்துச் சேமிக்க முடியாது, பொறுக்கிய சில நாளில் ஊன்ற வேண்டும். இரண்டடி, மூன்றடி உயரம் வந்ததும் தென்மேற்குப் பருவம் பிடித்த பிறகு நடவு. அதற்கு முன் உண்ணிச்செடி (லாண்டனா) என்ற களையை அகற்ற வேண்டும். மொத்தமாகச் சுரண்டி எடுத்தால் அதனடியில் தானே முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளும் போய்விடும் என்பதால் கையால், செடி செடியாகத்தான் எடுப்பார்கள். நட்டுவிட்டு விட்டுவிட்டால் இரண்டு ஆண்டில் உண்ணி திரும்ப மூடிக்கொள்ளும்; கன்று அதன் தலைக்கு மேல் போகும்வரை களை எடுத்தாக வேண்டும். நடவுக்குப் பணம் தருகிறவர்கள் உண்டு, களையெடுப்புக்குத் தருகிறவர்கள் குறைவு. மறுநடவுகள் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, நடாமல் தானே வளர விட்ட துண்டுகளோடு ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு, நட்ட இடங்களில் மர இனங்களும் விதான அடர்த்தியும் மரத்தில் சேர்ந்த கரிமமும் கூடுதல் என்று காட்டியது. பெருங்காட்டின் நிலைக்கு இன்னும் தூரம்தான். ஆனால் பகலில் ஒரு கூட்டம் மறைந்து நிற்க முழுக்காடு தேவையில்லை, கண்ணை மறைக்கும் அளவு போதும்.

யூகலிப்டஸ் விஷயம் இன்னும் கடினம். தேயிலை ஃபேக்டரியின் அடுப்புக்கு விறகு அதிலிருந்துதான் வருகிறது. யானைக்கு அதில் தீனி அதிகமில்லை, மறைவு உண்டு. ஆற்றங்கரை யூகலிப்டஸை ஒரே வீச்சில் வெட்டினால், நேற்றுவரை மறைவாக இருந்த தடம் இன்று வெட்டவெளி. கூட்டம் லைன் பக்கம் ஒதுங்கும். பரிந்துரை, சிறு பகுதிகளாக ஆண்டுகளில் பிரித்து வெட்டுவது, ஆற்றின் இரு கரையிலும் ஒரு பட்டையை விட்டுவைத்து அதில் நாட்டு மரம் நடுவது. நிர்வாகத்தின் வெட்டுத் திட்டம் பல ஆண்டுக்கு முன்பே போடப்படுவது என்பதால் வெட்டும் ஆண்டில் போய்ப் பேசிப் பயனில்லை.

விளைவு

2002-க்கு முன் ஆண்டுக்குச் சராசரி மூன்றாக இருந்த மனித இறப்பு, பின்னர் ஒன்றுக்கு இறங்கியது. இறப்பே இல்லாத ஆண்டுகளும் வந்தன. இத்தனைக்கும் யானைகளின் வருகை குறையவில்லை. எச்சரிக்கைப் பட்டியலில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். "விரட்டுங்கள்" என்று வரும் அழைப்புகளோடு "எந்தப் பக்கம் நிற்கிறது, இப்போது போகலாமா" என்று கேட்கும் அழைப்புகளும் சேர்ந்துகொண்டன.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுச் சுவர்கள் இன்னும் இடிபடுகின்றன, உயிரிழப்பும் முற்றாக நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் வால்பாறை–பொள்ளாச்சி ரோட்டில் யானை நின்றபோது மற்றவர்கள் எச்சரித்து நிறுத்தியும் தாண்டிப்போக முயன்ற வெளிநாட்டு இருசக்கர வாகனப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார்.

மாற்ற வேண்டியவை

முதலாவது அந்தப் பயணியின் இறப்பு காட்டும் ஓட்டை. இந்த முறை முழுக்க இங்கே வசிப்பவருக்காகக் கட்டப்பட்டது. பட்டியலில் இருப்பது லைன்வாசியின் எண்; சிவப்பு விளக்கின் பொருள் அவருக்குத் தெரியும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருநாள் தங்க வருகிறவருக்கு அது ஏதோ ஒரு விளக்கு. சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே விளக்கைப் பற்றிச் சொல்லி, படம் போட்ட ஒரு சீட்டும் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது தொழிலாளர் மாற்றம். உள்ளூர்க் குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட, தோட்டங்களில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. தமிழ்க் குரல் அழைப்பு அவர்களுக்குப் புரியாது, யானைத் தடமும் பழக்கமில்லை. அவர்கள் மொழிகளிலும் குரல் பதிவு வேண்டும். ஆள் சேரும் அன்றே எண்ணைப் பட்டியலில் ஏற்றி, போகும்போது நீக்கும் வேலையை எஸ்டேட் ஆபீஸ் ஏற்க வேண்டும். நாள்பட்ட பட்டியலில் பாதி எண்கள் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது, கேமரா. 2024-இல் மதுக்கரை ரயில் பாதையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் வந்ததிலிருந்து வால்பாறைக்கும் அதையே கேட்கும் குரல்கள் எழுகின்றன. ரயில் பாதை ஒரு கோடு, யானை கடக்கும் இடங்களும் அறிந்தவை. மடிப்பு மடிப்பாக 220 சதுர கிலோமீட்டரும் மாதக்கணக்கில் மூடுபனியும் உள்ள இடத்தில் கேமராவால் தடம் படிப்பவரை மாற்ற முடியாது. அதிகம் ஆள் இறங்கும் சில பஸ் நிறுத்தங்களிலும், ஆற்றுப்பாதை ரோட்டைக் கடக்கும் புள்ளிகளிலும் வைத்தால் பயன் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, தினமும் காலையில் தடம் பிடித்துப் போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் நிரந்தரச் சம்பளத்துக்கு ஒதுக்குவது அவசியம்.

கடைசியாக ரேஷன். நடமாடும் கடை சில எஸ்டேட்டுகளோடு நின்றுபோனதற்குக் காரணம் அதை யானைப் பிரச்சினையாக மட்டும் எழுதிக் கொடுத்தது. சரக்குச் சேதம், கட்டடப் பழுது, திரும்பத் திரும்பப் பூசிய சுவர் இவற்றின் ஐந்தாண்டுச் செலவைக் கூட்டி, வண்டிச் செலவோடு ஒப்பிட்டு மாவட்ட நிர்வாகத்தின் முன் வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். அந்தக் கணக்கைப் போடத் தேவையான சேதப் பதிவுகள் கையில் இருக்கின்றன.